விடுதி மண்டபமும் மதியப் பொதியும்
யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவுசெய்யும் இவ்வேளையில், இம்மலரில் அதிபர்களின் அரும்பணியும் பரீட்சைப் பெறுபேறுகளும் கட்டடங்கள் எழுந்த வரலாறும் இடம்பெறுவது முறையே. கல்லூரி வரலாறு என்றால் இவற்றையே எழுதுவது எமது வழக்கம். ஆயினும் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதா, விடுவதா என்று வீட்டுத் திண்ணையில் பேச்சு எழுந்த காலத்தில், பாடத்திட்டத்தைப் பற்றி எவரும் அதிகம் கேட்கவில்லை. “பிள்ளை எங்கை படுக்கும்? ஆர் சமைச்சதைச் சாப்பிடும்?” இவ்விரண்டுமே முதற் கேள்விகளாக இருந்தன. இவற்றுக்கு மறுமொழி சொல்ல முடிந்த பாடசாலைகள் வளர்ந்தன. மறுமொழி சொல்ல முடியாத இடங்களில், கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்குத் திரும்பினர்.

ஆகவே பெண்கல்வியின் வரலாற்றை வகுப்பறையின் வாசலில் நின்று பார்ப்பதோடு, விடுதியின் படுக்கை மண்டபத்திலும் சாப்பாட்டுப் பந்தியிலும் நின்று பார்ப்பது பயனுடையது. இக்கட்டுரையின் முயற்சி அதுவே.

மழை இரவும் முதல் விடுதியும்

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிகளை ஊர்தோறும் தொடங்குவது அவர்களுக்கு ஓரளவு இலகுவாயிற்று. பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது அப்படி இருக்கவில்லை. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவிலேயே பெண்களுக்கென எழுந்த மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது.

அதன் தொடக்கத்தைப் பற்றி மிஷன் வட்டாரத்தில் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதை ஒன்றுண்டு. மிஷன் வீட்டுக்குப் பகலில் வந்துபோன சிறுமியர் இருவர் ஒருநாள் பெருமழையில் அகப்பட்டு, வீடு திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினர். பசி பொறுக்கமுடியாமல் அங்கே சமைத்ததை உண்டனர். பிறகு வந்த தந்தை, அந்நியர் வீட்டில் உண்ட பிள்ளைகளை இனி எப்படி ஏற்பது என்று அவர்களை அங்கேயே விட்டுச் சென்றார் என்பது கதை. ஒவ்வொரு வாய்மொழியிலும் சிற்சில மாற்றங்களோடு வழங்கும் இக்கதையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே பிள்ளைகள் எழுத்துப் படித்ததைத் தந்தையார் குற்றமாகச் சொல்லவில்லை. சோறு உண்டதே எல்லையைத் தாண்டிய செயலாயிற்று.

ஆண்பிள்ளைகளின் பாடசாலைகளிலும் இதே சிக்கல் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆரம்பகால மாணவர்கள் மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண மறுத்ததால், பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் சமையற்கூடம் அமைக்க வேண்டியதாயிற்று. பாடத்தை வெள்ளைக்காரரிடம் கேட்கலாம், சோற்றை மட்டும் வேலிக்கு அப்பால் போய் உண்ண வேண்டும் என்பது அன்றைய இணக்கம்.

பெண்பிள்ளைகளின் விடுதிகளை நடத்திய செலவு தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள ஒருவரோ ஒரு சபையோ ஒரு பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பினால், அப்பிள்ளைக்கு அவர்கள் விரும்பிய பெயரே சூட்டப்பட்டது. எமது பழைய குடும்பங்கள் சிலவற்றில் நியூ இங்கிலாந்துப் பெயர்கள் நிலைத்தது இவ்வாறே. உண்ட சோற்றுக்குப் பிள்ளை தன் பெயரைக் கொடுத்தாள் என்று சொன்னால் அது மிகையாகாது. அத்தோடு, படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணந்த மாணவிகளுக்கு மிஷன் சீதனமும் வழங்கியது. சீதனம் இல்லாமல் திருமணம் இல்லை என்ற சமூகத்தில், விடுதி தாய்வீட்டின் கடமையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது.

1840இல் உடுவிலுக்கு வந்த எலைஸா அக்னியு அம்மையார் 1879 வரை அப்பாடசாலையை நடத்தினார். திருமணம் செய்யாத அவர் “ஆயிரம் பெண்களின் தாய்” என அழைக்கப்பட்டார். இப்பெயர் அவருக்குக் கிடைத்தது பாடம் சொல்லிக் கொடுத்ததால் மட்டுமன்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், பிள்ளைகள் உண்டார்களா உறங்கினார்களா என்று பார்த்ததாலும் கிடைத்தது.

நாற்சார் வீடும் நீண்ட மண்டபமும்

விடுதியின் படுக்கை மண்டபம் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைக்கு என்ன புதுமையைக் கொண்டுவந்தது என்பதை விளங்கிக்கொள்ள, அவள் விட்டுவந்த வீட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். வசதியுள்ளோரின் நாற்சார் வீட்டில் நடுமுற்றம் இருந்தது, விறாந்தை இருந்தது, நெல்லும் பாத்திரமும் வைக்கும் அறைகள் இருந்தன. பிள்ளைகளுக்கென்று அறை இருக்கவில்லை. பாய் விரிக்கும் இடமே படுக்கை. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் அந்த இடம் மீண்டும் வீட்டுக்குரியதாகும். வசதி குறைந்த மண்வீடுகளில் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு ‘இது என்னுடைய மூலை’ என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

விடுதியிலும் தனியறை கிடைக்கவில்லை. நீண்ட மண்டபம் ஒன்றில் வரிசையாகப் பலர் படுத்தனர். ஆரம்பகாலத்தில் பாய்களே விரிக்கப்பட்டன. கட்டில்கள் பின்னர் வந்தன. ஆனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. அதற்கு ஒரு திறப்பு இருந்தது. உடுப்பு, சீப்பு, கொப்பி, வீட்டிலிருந்து வந்த கடிதம், பொரிவிளாங்காய்ப் போத்தல் எல்லாம் அதற்குள். திறப்பு நூலிற் கோக்கப்பட்டுக் கழுத்திலே தொங்கியது. சொந்தமாக ஒரு பூட்டும் திறப்பும் உள்ள பெண்பிள்ளை என்பது அன்றைய யாழ்ப்பாணத்தில் சிறிய விடயம் அன்று.

மண்டபத்தின் ஒழுங்கு கடுமையானது. விடியற்காலை மணிக்கு எழும்ப வேண்டும். பாயையும் போர்வையையும் ஒரே அளவில் மடித்து வைக்க வேண்டும். மண்டபம் கூட்டுதல், யன்னல் துடைத்தல், விளக்குச் சிமினி மினுக்குதல், கிணற்றடியில் தண்ணீர் அள்ளி நிரப்புதல் என்று வேலைகள் முறைவைத்துப் பங்கிடப்பட்டன. சின்னப் பிள்ளையின் தலையைப் பெரிய பிள்ளை வாரிப் பின்னிவிடுவாள். மேற்றன் சுற்றிப் பார்த்து வரும்போது பெட்டிக்கு மேல் ஒரு துவாய்கூட கிடக்கக்கூடாது. வீட்டிலே செல்லமாக வளர்ந்தவளும் ஏழை வீட்டிலிருந்து வந்தவளும் ஒரே விளக்குமாற்றை முறைவைத்துப் பிடித்தனர். வாந்திபேதி யாழ்ப்பாணத்தைப் பலமுறை சூறையாடிய அந்த நூற்றாண்டில், நீரைக் கொதிக்கவைப்பதும் கிணற்றடியைச் சுத்தமாக வைப்பதும் உயிரோடு தொடர்புபட்ட பழக்கங்கள். அவற்றைப் பிள்ளைகள் விடுமுறையில் வீட்டுக்கும் கொண்டுசென்றனர்.

விடுதி செய்த மற்றொரு காரியம் இதைவிடப் பெரியது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் பாடசாலையை விட்டு நிறுத்துவது அக்கால வழக்கம். தெருவால் நடந்து போய்வருவதே பெற்றோரின் பயம். மதிலுக்குள்ளே படுக்கை, மதிலுக்குள்ளே வகுப்பு என்றபோது அப்பயம் தணிந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு பதினாறு, பதினேழு வயதுவரை நீண்டது. அவ்வாறு நீண்ட அந்த நாலைந்து ஆண்டுகளிலிருந்துதான் எமது முதல் ஆசிரியைகளும் தாதியரும் தோன்றினர். இன்று விடுதியின் மதிலைக் கட்டுப்பாட்டின் அடையாளமாக மட்டும் பார்ப்போர் உளர். அது கட்டுப்பாடும்தான். ஆனால் அந்த மதில் இல்லாவிட்டால் படிப்பே இருந்திராது என்ற தலைமுறைகளும் இருந்தன.

உடுவிலைத் தொடர்ந்து ஏனைய சபைகளும் இவ்வழியில் சென்றன. வெஸ்லியன் மிஷனின் வேம்படி, 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரின் கன்னியர்மடம், 1896இல் மேரி காட்டர் அம்மையார் தொடங்கிய சுண்டிக்குளி ஆகிய யாவற்றிலும் விடுதி பாடசாலையின் முக்கிய அங்கமாயிற்று. தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் வன்னியிலிருந்தும் பிள்ளைகள் நகருக்கு வந்து படிக்க வேறு வழி இருக்கவில்லை.

சைவ விடுதியின் தோற்றம்

இவ்வளவு காலமும் சைவப் பெற்றோரின் முன்னே இருந்த தெரிவு கடினமானது. மகளைப் படிக்க விட்டால் மச்சமும் வேதமும் கலந்த இடத்தில் விட வேண்டும். இல்லையேல் வீட்டில் வைத்திருக்க வேண்டும். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரி இந்தத் தெரிவை மாற்றியது. அது விடுதியை மையமாகக் கொண்டே திட்டமிடப்பட்டது. சைவ உணவு, காலை மாலை வழிபாடு, பண்ணிசை, ஆங்கிலக் கல்வி ஆகியன ஒரே வளவுக்குள் கிடைத்தன. அவருடைய துணைவியார் லீலாவதி இராமநாதன் அம்மையார் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். சைவத்தைத் தழுவி, அக்கல்லூரியின் வாழ்விலே தம் வாழ்வைக் கரைத்தவர்.

மிஷன் பாடசாலைகளிலும் சைவப் பிள்ளைகளுக்கு வேறு அடுப்பு, வேறு பந்தி என்ற ஏற்பாடுகள் காலப்போக்கில் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் மரக்கறி என்ற வழக்கமும் பல விடுதிகளில் நிலைத்தது. கத்தோலிக்கருக்கும் வெள்ளி விரதநாள், சைவருக்கும் வெள்ளி விரதநாள் என்ற பொருத்தம் எத்தனையோ சமையற்காரர்களின் தலையிடியைக் குறைத்திருக்கும்.

பந்தியில் யார் யார்

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறையாமல் எழுதுவது நூற்றாண்டு மலரின் கடமை. ஒரே கூரையின் கீழ் உண்டார்கள் என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, அந்தக் கூரையின் கீழ் வர அனுமதிக்கப்படாதோரையும் நினைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தனர். வாங்கு மற்றவர்களுக்கு. கிணற்றில் வாளி பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. யாராவது அள்ளி ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும்.

1924இல் தோன்றி, பின்னர் வாலிப காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், சமாசனமும் சமபோசனமும் வேண்டும் என்று குரல் எழுப்பியது. மகாத்மா காந்தியை 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்களும் அவர்களே. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இருக்கை வழங்கப்பட வேண்டும் என்ற பணிப்பு நடைமுறைக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. பிள்ளைகளை மறித்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கிலே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்காகக் கொட்டகைகள் எரிந்த நாடு எமது நாடு.

வாங்கு முதலில் வந்தது, பந்தி பிறகு வந்தது. வகுப்பிலே பக்கத்தில் இருக்கச் சம்மதித்த வீடுகள்கூட, விடுதியில் பக்கத்தில் படுக்கவும் ஒரே பானைச் சோற்றை உண்ணவும் சம்மதிக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டத்தைவிட முன்னே சென்ற மேற்றன்மாரும் இருந்தனர், சட்டம் வந்த பின்பும் பின்தங்கிய விடுதிகளும் இருந்தன. பந்தியில் ஒருமுறை பக்கத்தில் இருந்து உண்டுவிட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னதுதான் மிகப்பெரிய மாற்றத்தைச் செய்தது என்று நம்புவதற்கு இடமுண்டு.

மதியப் பொதி

விடுதிப் பிள்ளைகள் எப்போதும் கல்லூரியில் ஒரு பகுதியினரே. நாள்தோறும் வந்துபோகும் பிள்ளைகளின் மதிய உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பாடசாலை காலையும் பிற்பகலும் என்று இரு வேளையாக நடந்த காலத்தில், அண்மையில் உள்ளோர் மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிச் சாப்பிட்டுவிட்டு வந்தனர். தூரத்துப் பிள்ளைகள் பொதி கொண்டுவந்தனர். பனையோலைப் பெட்டியிலும் வாழையிலையிலும் வந்த உணவு, பிற்காலத்தில் அலுமினியப் பெட்டிக்கும் அடுக்குக் கரியருக்கும் மாறியது.

வாழையிலைப் பொதிக்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். பச்சை இலையை அப்படியே மடித்தால் கிழியும். அடுப்பு நெருப்பில் இலையின் முதுகைக் காட்டி வாட்டினால் அது துணிபோல மடியும், மணமும் சேரும். சோறு என்றால் நீர்த்தன்மை உள்ள கறி வைக்கக்கூடாது. முருங்கையிலை வறை, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், தேங்காய்ச் சம்பல் ஆகியன தாங்கும். சொதி தாங்காது. புட்டு பொதிக்கு ஏற்றது. நீற்றுப்பெட்டியில் அவித்த புட்டு ஆறினாலும் கெடாது, ஒரு வாழைப்பழமோ பனங்கட்டித் துண்டோ போதும். இடியப்பம் மத்தியானத்துக்குள் இறுகிவிடும். ஆகையால் அது பெரும்பாலும் காலை உணவாகவே இருந்தது. இவ்வளவையும் அறிந்து, பிள்ளை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும் என்றால் நாலரை மணிக்கு எழும்பி, மாவை வறுத்து அவித்து வைத்தவர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். அவர்களிற் பலர் தாம் பாடசாலைப் படி மிதியாதவர்கள். எங்கள் சான்றிதழ்களில் அவர்கள் பெயர் இல்லை.

பொதி வீட்டின் நிலையைச் சொல்லியும் விடும். யார் வீட்டில் மீன்பொரியல், யார் வீட்டில் வெறும் சம்பல், யார் வீட்டில் ஒன்றுமில்லை என்பது மரநிழலில் பொதி அவிழும்போது தெரிந்துவிடும். ஒன்றும் கொண்டுவராத பிள்ளை தண்ணீர் குடிக்கப் போவதுபோல் கிணற்றடிப் பக்கம் போய்விடுவாள். இதைக் கண்ட தோழியர் உணவைக் கலந்து உருட்டி ஆளுக்கு ஒரு கவளம் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். குழையல் என்று நாம் மகிழ்ச்சியாக நினைவுகூரும் அந்த விளையாட்டுச் சாப்பாட்டில், ஒருத்தியின் பசியை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடாமல் ஆற்றும் நுட்பம் இருந்தது.

பின்னர் பாடசாலை ஒரே வேளையாகி, பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணியோடு முடிந்தபோது மதியப் பொதி சுருங்கி இடைவேளைச் சாப்பாடாயிற்று. சோற்றுக்குப் பதில் பாண், ரொட்டி, சம்பல், அவித்த கடலை என்பன பெட்டிக்குள் வந்தன.

கூப்பன், பால்மா, பிஸ்கற்

பிள்ளைகளின் பசி பாடசாலையின் பொறுப்பா என்ற கேள்வி அரசாங்கத்தின் முன்னும் எழுந்தது. 1931 முதல் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், சுயபாஷைப் பாடசாலைகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டம் தீவின் பல பகுதிகளில் நடந்தது. 1942இல் பர்மா அரிசி நின்றுபோக, உணவுப் பங்கீடு வந்தது. விடுதிகள் பிள்ளைகளின் கூப்பன்களைச் சேர்த்தே சமையலை நடத்தின. குரக்கனும் ஒடியலும் மரவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. பனை எமது மண்ணைக் காத்த பஞ்சகாலங்களில் அதுவும் ஒன்று.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கல்வி இலவசமாயிற்று, விடுதிச் சோறு இலவசமாகவில்லை. கட்டணமில்லாமல் வகுப்பில் இருக்கலாம் என்றாலும், தூரத்து ஏழைப் பிள்ளைக்கு நகரில் தங்கிப் படிக்க விடுதிக் காசு வேண்டியிருந்தது. மத்திய கல்லூரிகளும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் இதற்கு ஒரு வழியைத் திறந்தன. சித்தியடைந்த பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. இன்றும் புலமைப்பரிசில் என்றதும் வெட்டுப்புள்ளியைத்தான் நினைக்கிறோம். அது தொடங்கியபோது ஒரு தட்டுச் சோறும் ஒரு கட்டிலும் அதன் உயிராக இருந்தன.

1958இல் பஸ் சேவை தேசியமயமானது. பின்பு தெருக்களும் பஸ்களும் பெருகின. 1960ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. உடுவில், சுண்டிக்குளி போன்றவை கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. ஊர்களிலேயே மகாவித்தியாலயங்கள் தரமுயர்ந்தன. விடுதிகளின் எண்ணிக்கை மெல்லக் குறைந்தது.

இக்காலத்துப் பிள்ளைகள் மறக்காத சுவைகள் சில உண்டு. பெரிய கிடாரத்தில் கரைத்த பால்மா, பணிஸ், பின்னர் கெயார் நிறுவனத்தின் பிஸ்கற். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடும் பாண் வரிசையும் வந்தன. அதே கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் அதிகமாகச் சேர்ந்ததும், கூலிவீட்டுப் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்குப் பொதியோடு வந்ததும் ஒரே காலத்தில் நடந்தவை.

நெருக்கடியின் நாட்கள்

1990 யூனுக்குப் பிந்திய ஆண்டுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு. படுக்கையறை ஒழுங்கு என்பதன் பொருளே மாறியது. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு, திரி வைத்த விளக்கைச் சுற்றி நாலுபேர் படித்தனர். உடுப்புத் தோய்க்கப் பனம்பழம் உதவியது. வெள்ளைச் சீருடை வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் தாய்மார் விட்டுக்கொடுக்கவில்லை. பொருளாதாரத் தடையின் நடுவே வெளுத்து மடித்த ஒரு பாவாடை எம் சமூகத்தின் தன்மானத்தைச் சொல்லியது. பங்கர் வெட்டிய வளவில் இடைவேளைப் பொதி அவிழ்ந்தது. பஸ் இல்லாததால் சைக்கிள் பெருகியது. பெண்பிள்ளை தனியே சைக்கிளில் போவதை ஒருகாலத்தில் பேச்சாக்கிய ஊர், அதை இயல்பாக ஏற்றுக்கொண்டது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பாடசாலைக் கட்டடங்களே வீடுகளாயின. வகுப்பறையில் மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குடும்பம் உறங்கியது. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், யார் சமைத்ததை உண்பார்கள் என்ற பழைய கேள்விகள் மறுபடி வந்தன. இம்முறை எவரும் சாதி கேட்கவில்லை. கஞ்சி வாளி வந்ததும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றனர். அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளிற் சிலர் இன்று எமது சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கின்றனர்.

எழுத வேண்டியவை

இன்று பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கென ஓர் அறையோ ஒரு மேசையோ உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுந்த பிள்ளைகளை எமது நாட்டின் ஆசிரியர்கள் கண்டனர். 2024இல் அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. காலை உணவு இல்லாத பிள்ளைக்குக் கணிதம் ஏறாது என்பதை 1824இல் அறிந்தவர்களும் இருந்தனர், 2024இல் மீண்டும் கற்க வேண்டியும் வந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகளிற் பெரும்பாலோரின் பசியை அத்திட்டம் தொடவில்லை. அந்த இடத்தில் பழைய மாணவிகள் சங்கங்களுக்கு வேலை இருக்கின்றது. கட்டடத்துக்கு நிதி சேர்க்கும் உற்சாகத்தில் ஒரு பங்கு இதற்கும் செல்லுமாயின் நல்லது.

இன்னொரு வேலையும் உண்டு. கல்லூரி மண்டபத்தில் அதிபர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. விடுதியில் முப்பது, நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் நின்று சமைத்த அம்மாமாரின் படங்கள் இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இரவு முழுவதும் நெற்றியில் ஈரத்துணி போட்ட மேற்றன்மாரின் பெயர்களும் மறைந்து வருகின்றன. எமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு அவர்கள் பெயர் தெரியும். பருப்பில் எவ்வளவு வெந்தயம் போட்டார்கள், எந்தப் பிள்ளைக்கு ஒளித்து இரண்டாம் அகப்பை ஊற்றினார்கள் என்பதும் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பழைய விடுதிக் கணக்குப் புத்தகங்கள், சாப்பாட்டு அட்டவணைகள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், றங்குப்பெட்டிகள் எவரிடமாவது இருப்பின் அவற்றைச் சங்கத்திடம் ஒப்படைக்குமாறு உறுப்பினர்களை அன்போடு வேண்டுகின்றோம்.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் உடுவிலில் மழைக்கு ஒதுங்கிய அந்த இரு சிறுமியரின் பெயரையும் எமது ஊர் மறந்துவிட்டது. எமக்குச் சோறு போட்டவர்களின் பெயருக்கும் அக்கதி நேரக்கூடாது.